எலுமிச்சையில் சொறி நோயும் பச்சையாதல் நோயும்

இலையில் சொறிப் புள்ளியைப் பார்த்ததும் அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவது நம் வழக்கம். கடைக்காரர் ஒரு பொட்டலமும் ஒரு பாட்டிலும் தருவார். அடித்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் புள்ளி அப்படியே இருக்கும். மருந்து போலி என்று கடையில் சண்டை நடக்கும். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. விழுந்துவிட்ட சொறியை ஆற்றும் மருந்து எங்கும் கிடையாது. இனி வரப்போகும் தளிரிலும் பிஞ்சிலும் சொறி விழாமல் காக்கும் மருந்துதான் உண்டு, அதையும் உரிய வாரத்தில் அடிக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதிலிருந்து பிறப்பதுதான்.

எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பாக்டீரியா நோய்களில் நாம் கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று சொறி நோய். கேன்கர் என்று அதிகாரிகள் எழுதுவது இதைத்தான். மற்றொன்று பச்சையாதல் நோய் எனப்படும் கிரீனிங். முதலாவது காயின் அழகைக் கெடுத்து விலையைக் குறைக்கும். இரண்டாவது மரத்தையே கொல்லும். புளியங்குடி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர் பக்கத்து எலுமிச்சை விவசாயிக்கு முதலாவதே அன்றாடத் தொல்லை. சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் வைத்திருப்பவர் இரண்டாவதற்கு அதிகம் அஞ்ச வேண்டும். ஆகவே சொறி நோயை விரிவாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் பச்சையாதலுக்கு வருவோம்.

சொறிதானா என்று பாருங்கள்

சான்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியாதான் சொறி நோய்க்குக் காரணம். முதலில் இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் எண்ணெய் பட்டதுபோல ஒரு புள்ளி தெரியும். சில நாளில் அது மேடாகி, வெளுத்து, பிறகு பழுப்பாகி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். நடுவில் சிறு குழி விழும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த வளையம் நன்றாகத் தெரியும். புள்ளி இலையின் இரண்டு பக்கத்திலும் மேடிட்டிருக்கும். குச்சியிலும் முள்ளிலும் காயிலும் இதே சொறி வரும். காயில் மட்டும் மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளது பூஞ்சாணத்தால் வரும் ஸ்கேப். அதில் மேடு பெரும்பாலும் இலையின் ஒரு பக்கமே இருக்கும், மறுபக்கம் குழிந்திருக்கும், இலை கோணிக்கொள்ளும், மஞ்சள் வளையம் இராது. தண்டின் அடியில் பிசின் வடிவது வேறு நோய். அதை இந்த நூலின் வேறொரு இடத்தில் காண்க. சந்தேகம் தீராவிட்டால் இலையையும் குச்சியையும் காகிதத்தில் சுற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும், பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது.

சொறி விழுந்த காயைத் தின்றால் மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சாறும் கெடுவதில்லை. ஆனால் சந்தையில் அது தனியாகப் பிரிக்கப்படும், விலை இறங்கும். ஏற்றுமதிக்கு எடுக்கவே மாட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் சொறி உள்ள காயை எல்லையிலேயே நிறுத்திவிடும். நோய் முற்றினால் இலையும் பிஞ்சும் உதிர்வது தனி நட்டம்.

காற்றும் மழையும் சேரும் மாதங்கள்

இந்த நோய் எங்கிருந்தோ நமக்கு வந்ததல்ல. லண்டன் கியூ தோட்டத்தின் உலர் தாவரத் தொகுப்பில், 1827க்கும் 1831க்கும் இடையே இந்தியாவில் பறித்த சிட்ரான் இன இலை ஒன்றில் சொறிப் புள்ளிகள் இருப்பதை 1933இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக நம் மண்ணில் ஏறக்குறைய இருநூறு ஆண்டாகவேனும் இருக்கும் நோய் இது. அதை ஒழித்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, அடக்கிவைப்பது எப்படி என்றே யோசிக்க வேண்டும்.

பாக்டீரியா பழைய சொறிக்குள் பத்திரமாகத் தங்கியிருக்கும். இலை நனைந்ததும் லட்சக்கணக்கில் வெளியே கசியும். மழைத்துளி தெறித்து அடுத்த இலைக்குப் போகும். வெறும் மழையில் அதிக தூரம் போகாது. காற்றோடு கூடிய மழைதான் உண்மையான ஆபத்து. மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று அடித்தால், இலையின் மூச்சுத் துளைகள் வழியே நீரோடு சேர்ந்து கிருமியும் உள்ளே தள்ளப்படும். வெயில் 20 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அதற்கு மிகவும் வசதி.

இப்போது தென்காசிப் பக்கத்து ஆனி, ஆடி மாதங்களை நினைத்துப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இடைவிடாமல் வீசும், கூடவே சாரல். வெயிலும் மிதம். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கொண்டாடும் அதே பருவநிலை எலுமிச்சைக்குச் சொறியைக் கொண்டுவருகிறது. சாரலில் மரம் தளிர்விடவும் செய்யும். கிருமியும் இளந்தளிரும் காற்றும் ஈரமும் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. சாரல் எட்டாத மாவட்டங்களில் இதே நிலை ஐப்பசி, கார்த்திகையில், குறிப்பாகப் புயல் நாட்களில் ஏற்படும்.

முற்றிய இலைக்குள் கிருமி எளிதில் நுழையாது. தளிர் விரியத் தொடங்கியதிலிருந்து இலை கெட்டிப்படும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம்தான் அபாயக் காலம். பிஞ்சுக்கு இது பூவிதழ் உதிர்ந்ததிலிருந்து இரண்டு, மூன்று மாதம். நுழைந்தபின் ஏழு முதல் பத்து நாளில் புள்ளி தெரியும். குளிர்ந்த பருவத்தில் இன்னும் தாமதமாகும். கண்ணால் பார்த்து மருந்து அடிக்கிறவர் எப்போதும் பிந்திப்போவதன் காரணம் இதுதான்.

காயம் பட்ட இலைக்கு வயதுக் கணக்கும் கிடையாது. நாட்டு எலுமிச்சையின் முள் காற்றில் ஆடி அடுத்த இலையைக் கீறும். அதைவிட மோசம் இலைத் துளைப்பான். இளம் இலையில் வெள்ளிக் கோடு போட்டதுபோல வளைந்து வளைந்து போகும் அந்தச் சிறு புழு, இலைத்தோலுக்கும் சதைக்கும் இடையே நீளமாகக் காயம் போட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கோடு நெடுகச் சொறி வரிசையாகக் கிளம்புவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். புழுவைக் கவனிக்காமல் சொறிக்கு மட்டும் மருந்து அடிப்பது காசைக் கரைக்கும் வேலை.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

காற்றுத் தடுப்பைத்தான் முதலில் வைப்பேன். நம் விவசாயிகள் கடைசியாக நினைப்பதும் அதைத்தான். காற்று வரும் திசையில், நம் பகுதியில் மேற்கே, சவுக்கு இரண்டு வரிசை நடலாம். சீக்கிரம் பலன் வேண்டுமென்றால் அதற்குள் அகத்தியும் கலந்து போடலாம். ஆட்டுக்குத் தழையும் ஆகும். ஒரு வேலி தன் உயரத்தைப்போலச் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். 20 அடி சவுக்கு வரிசை 200 அடி வரை காக்கிறது என்று கொள்ளலாம். பெரிய தோட்டமென்றால் நடுவிலும் ஒரு வரிசை வேண்டும். சவுக்கின் வேர் எலுமிச்சையின் தண்ணீரைத் திருடாமல் இருக்க இடையே இரண்டு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒருமுறைதான். மருந்துச் செலவு ஆண்டுதோறும்.

அடுத்தது கவாத்து. சொறி பிடித்த குச்சிகளைச் சாரல் தொடங்குவதற்கு முன், இலை நன்றாகக் காய்ந்திருக்கும் கோடை நாளில் வெட்டி எடுங்கள். குச்சியில் தங்கிய சொறிதான் அடுத்த பருவத்துக்கு விதை. வெட்டியதைத் தோட்டத்துக்குள் குவிக்காமல் அன்றே வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டிலோ பிளீச்சிங் கரைசலிலோ நனைத்துத் துடையுங்கள். கனமான வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். அடிமரத்திலிருந்து கிளம்பும் போத்துகளையும் எடுத்துவிடலாம், அவை ஓயாமல் தளிர்விட்டு நோய்க்கும் பூச்சிக்கும் இடம் கொடுக்கும்.

காலைப் பனியோ மழையோ காயாத நேரத்தில் தோட்டத்துக்குள் ஆள் இறங்கி வேலை செய்யக் கூடாது. காய் பறிப்பவரின் கையும் சட்டையும் கூடையும் கிருமியைச் சுமக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் இலை காய்ந்தபின் இறங்கச் சொல்லுங்கள். கூலிக்காரருக்கு இது சங்கடமென்றால் நோய் இல்லாத பகுதியில் தொடங்கி நோயுள்ள பகுதியில் முடிக்கும்படி வேலையை அமைக்கலாம். மேலே மழைபோலப் பொழியும் தெளிப்பு நீர்ப்பாசனத்தை எலுமிச்சைக்கு வைக்கவே வேண்டாம். சொட்டு நீரே போதும்.

யூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் கருகருவென்று இருக்க வேண்டும் என்று அள்ளிப் போட்டால் ஆண்டு முழுக்கத் தளிர் வந்துகொண்டே இருக்கும். ஓயாத தளிர் என்றால் ஓயாத சொறி, ஓயாத துளைப்பான். உரத்தைப் பிரித்து, சாம்பல் சத்தும் சேர்த்து, மண் பரிசோதனைப்படி கொடுங்கள். தளிர் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முற்றினால் காப்பதும் எளிது.

தாமிர மருந்து: எப்போது, எப்படி

உலகம் முழுவதும் சொறி நோய்க்கு முதல் மருந்து தாமிரம்தான். கடையில் வாங்குவதென்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 3 கிராம். நீங்களே தயாரிப்பதென்றால் ஒரு சதவீதப் போர்டோ கலவை.

போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தைத் துணியில் கட்டி 50 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் இரவே தொங்கவிடுங்கள், காலையில் கரைந்திருக்கும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தனியே நீர்த்து, வடிகட்டி, 50 லிட்டராக்குங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டிப் பலன் குறையும். பிளாஸ்டிக் டிரம், மண்பானை, சிமென்ட் தொட்டி எதுவும் ஆகும். இரும்பும் தகரமும் கூடாது. கலந்தபின் பளபளவென்று தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிகுதி, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்த்துச் செம்பு படியாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். கலந்த அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீண். வெட்டுவாயில் பூசும் பசைக்கு அதே 1 கிலோ, 1 கிலோ, தண்ணீர் மட்டும் மொத்தம் 10 லிட்டர்.

தாமிரம் இலையின் மேலே படிந்திருந்து, வந்து விழும் கிருமியைக் கொல்லும். உள்ளே போகாது. அதனால் நேற்று அடித்தபின் இன்று விரிந்த இலைப்பரப்புக்குக் காப்பு இல்லை. தளிர் பாதி விரிந்திருக்கும்போது முதல் தெளிப்பு, இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து அடுத்தது என்று தளிர்ப் பருவம் முழுக்கத் தொடர வேண்டும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் அதற்கும் இப்படியே. சாரல் பருவத்தில் முதல் தெளிப்பை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். கனமழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், மூச்சுத் துளைகள் அங்கேதான் அதிகம்.

தளிரே இல்லாத நாளில் அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கிறார்கள் என்பதற்காக நாமும் அடிப்பது பழக்கமாகிவிட்டது. தாமிரம் மண்ணில் கரைந்து மறைவதில்லை, ஆண்டாண்டாகச் சேர்ந்து மண்புழுவையும் இளவேரையும் கெடுக்கும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் காய்த்தோலில் கருமையான தழும்பு விழும். அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்திய இடங்களில் தாமிரத்தைத் தாங்கும் கிருமியும் உருவாகியிருக்கிறது. அர்ஜென்டினாவில் இது நடந்தது.

இலைத் துளைப்பானுக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, தளிர் நுனி விரிந்ததும் அடிக்கலாம். தாக்குதல் கடுமையாக இருந்தால் மட்டும் ரசாயனத்துக்குப் போங்கள், அதையும் பூ இருக்கும்போது அடிக்காதீர்கள். தேனீ செத்தால் காய்ப் பிடிப்பும் குறையும்.

ஸ்ட்ரெப்டோசைக்ளினைக் கேட்காமல் எந்த விவசாயியும் கடையை விட்டு இறங்குவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த ஆன்டிபயாடிக் அது. தாமிரத்தோடு சேர்த்து 10 லிட்டருக்கு 1 கிராம் என்பது பழைய பரிந்துரை. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு மனிதருக்குக் கொடுக்கும் மருந்து. தோட்டத்தில் அள்ளித் தெளித்தால் அதற்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால், பயிர்களில் இந்தக் கலவையைப் படிப்படியாகத் தடைசெய்யும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். தாமிரமும் கவாத்தும் காற்றுத் தடுப்பும் சரியாக இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து.

நாற்று வாங்கும்போது

விதை வழியே சொறி பரவுவதில்லை. நாற்றின் இலை வழியேதான் பரவும். நாற்றங்காலில் நாற்றுகள் நெருக்கமாக நின்று, மேலே பூவாளியில் தண்ணீர் ஊற்றப்படும்போது ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தொற்றும். வாங்கும்போது ஒவ்வொரு நாற்றின் இலையையும் திருப்பிப் பாருங்கள். பத்து நாற்றில் ஒன்றில் புள்ளி இருந்தாலும் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். மலிவாகத் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். வாங்கியவற்றைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு தளிர்ப் பருவம் வரை தனியே வைத்திருந்து பார்த்துவிட்டு நட்டால் இன்னும் நல்லது.

நாட்டு எலுமிச்சையே இந்த நோய்க்கு மிகவும் இளகிய இனம், கிரேப்புரூட்டும் அப்படித்தான். சாத்துக்குடி நடுத்தரம். கமலா ஆரஞ்சு ஓரளவு தாங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. திருப்பதியில் தேர்ந்தெடுத்த பாலாஜி ரகம் சொறியைக் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று பொருளில்லை. காற்று அடிக்கும் வெளியில் தடுப்பில்லாமல் வைத்தால் அதிலும் புள்ளி வரும்.

பச்சையாதல் நோய்

சொறி வெளியே தெரியும் நோய். இது உள்ளே ஓடும் நோய். மரத்தின் உணவு செல்லும் குழாய்களில் கிருமி தங்கி அடைத்துவிடுகிறது. சில்லிட் என்ற மூன்று, நான்கு மில்லிமீட்டர்ப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. வால்பக்கத்தைத் தூக்கித் தலையைத் தாழ்த்திச் சாய்வாக உட்கார்ந்திருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இளந்தளிரில் மட்டுமே முட்டையிடும். நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் குச்சியும் இதைப் பரப்பும்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக வரும். துத்தநாகக் குறைபாட்டிலும் அப்படித்தான் வரும் என்பதால் பலரும் ஏமாந்து நுண்ணூட்டம் தெளித்துக்கொண்டிருப்பார்கள். இலையின் நடு நரம்புக்கு இரு பக்கமும் ஒத்த இடங்களில் பேனாவால் வட்டம் போட்டு ஒப்பிடுங்கள். குறைபாடென்றால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். பச்சையாதல் என்றால் ஒரு வட்டம் மஞ்சளாகவும் மறுவட்டம் பச்சையாகவும் மாறுபடும். காய் சிறுத்து, கோணலாகி, பழுத்தபின்னும் ஒரு முனை பச்சையாகவே நிற்கும். விதை சூம்பும், சாறு கசக்கும். ஐயம் இருந்தால் நாக்பூரில் உள்ள மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிலையம்போன்ற ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

இது எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சாட்சி. அங்கே 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. பூச்சி 1998இலேயே வந்திருந்தது, நோய் 2005இல் கண்டறியப்பட்டது. 2022-23இல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. பணமும் ஆராய்ச்சியும் குறைவில்லாத இடத்தில் இந்த நிலை. தாமிரம் அடித்து இதை ஒன்றும் செய்ய முடியாது. உறுதியானால் முதலில் பூச்சிக்கு மருந்து அடித்துவிட்டு, பிறகு மரத்தை வேரோடு எடுப்பதுதான் வழி. மருந்தடிக்காமல் வெட்டினால் பூச்சிகள் பறந்துபோய்ப் பக்கத்து மரங்களில் உட்காரும். காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வராது என்பது தெரியும். வைத்திருந்தால் அது மற்ற மரங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

தோட்டத்தைச் சுற்றிக் கறிவேப்பிலை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறிவேப்பிலைக்கு இந்த நோய் வருவதில்லை, ஆனால் சில்லிட் பூச்சி அதன் தளிரில் நன்றாகப் பெருகும். எலுமிச்சைக்குத் தளிர்க் காப்பு செய்யும் வாரத்தில் அந்தச் செடியையும் பாருங்கள். பூச்சி இருந்தால் கொழுந்தோடு கிள்ளி எரித்துவிடலாம், சமையலுக்குப் போகும் இலையில் ரசாயனம் அடிக்க வேண்டாம்.

பூச்சிக்கு வரப்பு தெரியாது. நீங்கள் ஐந்து ஏக்கரில் ஒழுங்காகச் செய்து, மேற்கே இருப்பவர் மூன்று ஏக்கரைக் கவனிக்காமல் போட்டிருந்தால் உங்கள் உழைப்பில் பாதி வீண். சாரலோடு வரும் சொறிக்கும் இதே கதைதான். சாரல் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டி, கவாத்துக்கும் முதல் தெளிப்புக்கும் ஒரே வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் உரிமையாளரின் கைவிட்ட தோட்டம் இருந்தால் அவருக்குப் போன் செய்து, அந்த மரங்களை உங்கள் செலவிலாவது கவாத்துச் செய்ய அனுமதி கேளுங்கள்.